பூவிதைகளை முளைப்பித்தலும் ஓமோன் மருந்தும்

தண்ணீரூற்று, முள்ளியவளைப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பூஞ்செடியைத் தனிப் பயிராகக் கொள்வது அரிது. ஆயினும் பூ வேண்டாத வளவு அங்கே இல்லை. ஊற்றங்கரைச் சித்திவிநாயகர் கோயிலுக்கு நாளாந்தம் பூ வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும்பொழுது பூவின் தேவை பன்மடங்காகும். அன்றியும், மிளகாய், கத்தரிப் பாத்திகளின் ஓரத்திலும் இடையிலும் செவ்வந்தி நடுவதால் வேர்முடிச்சுப் புழுவின் பெருக்கம் குறையும் என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட உண்மையாகும். தாய்லாந்து, சீனா, வியற்நாம் ஆகிய நாடுகளில் நெல்வயல் வரம்புகளிற் பூக்கும் செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2016 ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வயல்களிற் பூச்சிகொல்லி தெளித்தல் 70 சதவீதம் குறைந்ததுடன் விளைவும் 5 சதவீதம் கூடிற்று. பூக்களின் தேனை உண்ண வரும் சிறு குளவிகள் நெல்லின் பகைப்பூச்சிகளை அழிப்பதே அதற்குக் காரணம். ஆகவே பூச்செய்கை நெற்செய்கையாளருக்குப் புறம்பான அலங்காரம் மாத்திரமன்று.

2009 ஆம் ஆண்டின் பின் மீளக்குடியமர்ந்து வளவுகளைத் திருத்தியோர் பலருக்குப் பழைய வித்துகள் கைவசம் இருக்கவில்லை. கடைப் பைக்கற்று விதையிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. கலப்பினப் பூவிதை விலை கூடியது. ஒரு பைக்கற்றில் இருபது முப்பது விதைகளே இருப்பதுமுண்டு. விதைத்துப் பத்து நாளாகியும் முளை காணாவிடின், வளர்ச்சி ஓமோன் என விற்கப்படும் குப்பியை நாடத் தோன்றுவது இயல்பே. அம்மருந்து சில விதைகளுக்கு மெய்யாகவே உதவும். பலவற்றுக்கு வீண் செலவாகும். அளவு மிஞ்சினால் எல்லாவற்றுக்கும் தீங்காகும். எந்த விதைக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை ஓர் ஈரத்துணியைக் கொண்டே எவரும் அறிந்துகொள்ளலாம். அம்முறையும், மருந்து வேண்டுமிடத்து அதைக் கலக்கும் விதமும் இங்கே கூறப்படும்.

நெல்மணியுள் நிகழ்வது

விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் மூடிவைத்து முளைகட்டும் வழக்கத்தை அறியாத கமக்காரர் இல்லை. அந்தச் சாக்கினுள் நடைபெறுவது ஓமோனின் வேலையே. நெல்மணியின் ஒரு நுனியில் முளையம் எனப்படும் குழந்தைச் செடி இருக்கிறது. எஞ்சிய பகுதி பெரும்பாலும் மாப்பொருளாகும். அம்மாப்பொருளைச் சூழ்ந்து, தவிட்டோடு சேர்ந்ததாய், அலுரோன் என்னும் மெல்லிய படையொன்று உண்டு. நீர் உட்புகுந்ததும் முளையமானது ஜிபரெலின் என்னும் ஓமோனைச் சிறிதளவு தோற்றுவித்து அப்படைக்கு அனுப்புகின்றது. அப்படை நொதியத்தைச் சுரக்க, நொதியம் மாப்பொருளை வெல்லமாக மாற்ற, வெல்லத்தை உண்டு முளை வெளிவருகின்றது. முளைத்த நெல்லை வாயிலிட்டு மெல்லும்போது இனிப்பதன் காரணமும் இதுவே. இத்தொடர்பு 1960 ஆம் ஆண்டில் வாற்கோதுமை விதையில் முதன்முதல் தெளிவாகக் காட்டப்பட்டது.

இதற்கு எதிரான ஓமோனும் விதைக்குள் உண்டு. அப்சிசிக் அமிலம் என்பது அதன் பெயர். 1960 களிற் கண்டறியப்பட்டது. ஜிபரெலின் எழுப்புவது, அப்சிசிக் அமிலம் உறங்கச் செய்வது. விதை தாய்ச்செடியில் முற்றும்பொழுது உறக்க ஓமோன் மிகுந்திருக்கும். காலபோக அறுவடை வேளையிற் பருவந்தப்பிய மழை பெய்து கதிர் சாய்ந்தாலும், உறக்கமுடைய இன நெல் கதிரிலேயே முளைத்துப் பாழாகாமல் நிற்பது இதனாலாகும். அதே நெல்லைச் சில கிழமைகளுள் விதைக்க முயன்றால் முளையாது. இரண்டு மூன்று மாதம் உலர்வாக இருந்தபின் நன்றாக முளைக்கும். உறக்கம் என்பது விதையின் குற்றமன்று; அதன் காவல். பூவிதைகளுட் சிலவும் இவ்வாறே காலங்கடந்தபின் தாமாக விழிப்பன. காத்திருத்தலுக்கு விலையில்லை.

நெல்நோயிலிருந்து கிடைத்த மருந்து

ஜிபரெலினை உலகம் அறிந்தது நெல்வயலிலேயாகும். யப்பானில் ஒருவகை நோய் கண்ட நாற்றுகள் ஏனைய நாற்றுகளிலும் மிக உயர்ந்து, வெளிறி, மெலிந்து நிற்கும். அவை பெரும்பாலும் நடுகைக்குப் பின் மடியும். தப்பியவையும் பதராய்ப் போகும். பார்வைக்குச் செழித்தாற்போல் வளர்ந்து ஏமாற்றுவதால் அந்நாட்டுக் குடியானவர் அதைப் 'பக்கானே', அதாவது மூட நாற்று, என்றனர். 1926 ஆம் ஆண்டில் தைவானிற் பணியாற்றிய எயிச்சி குரோசாவா என்னும் யப்பானிய ஆய்வாளர், அந்நோய்ப் பங்கசு வளர்ந்த நீரை வடித்து, பங்கசு யாதுமில்லாத அந்நீரை மட்டும் நாற்றுகளுக்கு இட்டபோதும் அவை அவ்வாறே நீண்டு வளர்வதைக் கண்டார். பங்கசு சுரக்கும் பொருளொன்றே வளர்ச்சிக்குக் காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. 1935 இல் தோக்கியோவின் யபுத்தா அப்பொருளுக்குப் பங்கசின் பெயரைத் தழுவி ஜிபரெலின் எனப் பெயரிட்டார். 1938 இல் அவரும் சுமிக்கியும் அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். போருக்குப் பின் 1950 களில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஜிபரெலிக் அமிலம் தூய பொருளாகப் பெறப்பட்டது. பங்கசு இன்றியே செடிகளும் அவ்வோமோன்களைத் தம்முட் தோற்றுவிக்கின்றன என்பது அதன் பின்னரே உறுதியாயிற்று. இன்று விற்பனைக்கு வரும் ஜிபரெலிக் அமிலமும் அதே பங்கசைத் தொட்டிகளில் வளர்த்தே எடுக்கப்படுகின்றது.

இவ்வரலாற்றை இங்கே விரித்துரைத்ததற்குக் காரணமுண்டு. மருந்தை அளவுக்கு மிஞ்சி இட்ட நாற்று எவ்வாறு தோன்றும் என்பதைப் பக்கானே நாற்றே காட்டிவிட்டது. நீண்ட தண்டு, வெளிறிய இலை, வேர் குன்றிய உடல். அத்தகைய நாற்று வன்னியின் வெயிலில் இரண்டு நாள் நில்லாது.

ஈரத்துணிச் சோதனை

முளையாத விதை மூன்று வகையில் ஒன்றாக இருத்தல் கூடும். அது இறந்திருக்கலாம், தோல் தடித்து நீரை ஏற்காதிருக்கலாம், அல்லது நீரை ஏற்றும் உள்ளே முளையம் உறங்கலாம். மூன்றையும் பிரித்தறிந்தபின்னரே மருந்தைப் பற்றிச் சிந்தித்தல் தகும்.

ஒரு பருத்தித் துணியைக் கொதிக்கவைத்த நீரில் நனைத்து ஆறவிட்டு, நீர் சொட்டாதபடி பிழிந்து விரித்தல் வேண்டும். விதை நிறைய இருப்பின் 50 அல்லது 100 விதைகளையும், பைக்கற்று விதையாயின் 5 விதைகளையேனும் ஒன்றோடொன்று முட்டாது பரப்பி, சுருட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் நிழலில் வைத்தல் வேண்டும். துணி காயாமலும் நீரில் மிதவாமலும் பார்த்துக்கொள்ளல் அவசியம். விதைகளை எண்ணி, நாளையும் ஒரு கடதாசியிற் குறித்து வைப்பது நல்லது. நினைவிலிருந்து சொல்லப்படும் முளைதிறன் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

சீனியாவும் செவ்வந்தியும் ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். காசித்தும்பைக்கும் கோழிக்கொண்டைக்கும் எட்டு முதல் பத்து நாள் போதும். வாடாமல்லிகை பஞ்சு போன்ற உறையுள் இருப்பதாற் பதினான்கு நாள்வரை செல்லும். உறையை விரல்களாற் கசக்கி நீக்கி ஓர் இரவு ஊறவைத்தால் விரையும். இவ்வைந்துக்கும் ஓமோன் தேவையே இல்லை. கோயிற் பூந்தோட்டத்திற் பெரும்பாலும் வளர்வன இவையே ஆதலின், குப்பியின் பணத்தைப் பெரும்பாலான வீடுகள் மிச்சம்பிடிக்கலாம்.

இரண்டு கிழமை சென்றபின் துணியை விரித்து, முளையாத விதைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். மென்மையாய்ப் பிதுங்கி, பூஞ்சணம் பூத்து, நாறுமாயின் அவ்விதை இறந்தது. எந்த ஓமோனும் அதை எழுப்பாது. வன்னியின் வெப்பத்தில் கடை அலுமாரியிற் பல மாதம் கிடந்த பைக்கற்றுகளில் இது மிகுதியாக நேரும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறையுந்தோறும், அல்லது வைக்குமிடத்தின் வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும், விதையின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதைநூலாரின் பொதுக் கணக்கு. ஆகையாற் காலாவதித் திகதியைப் பார்ப்பதோடு, வெயில் விழும் கண்ணாடி அலுமாரியிற் தொங்கும் பைக்கற்றைத் தவிர்த்தலும் வேண்டும்.

விதை ஊதாமல், போட்டபடியே கல்லாகக் கிடந்தால் தோலே தடையென அறிக. ஊதிப் பருத்து, அழுத்தினால் உறுதியாக இருந்தும், முளை மட்டும் வெளிவராதிருப்பின் உள்ளே முளையம் உறங்குகின்றது. ஓமோனுக்கு இடமுள்ளது இந்த மூன்றாம் வகையில் மாத்திரமே.

தோல் தடித்த விதைகள்

தாமரை இதற்குச் சிறந்த உதாரணம். வன்னிக் குளங்களிற் தாமரை பூத்துக் காய்த்து, விதைகள் சேற்றில் அமிழ்ந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் தொட்டியிலிட்டு மாதக்கணக்கிற் காத்திருந்தும் முளை காணாதோர் பலர். 1951 ஆம் ஆண்டில் யப்பானின் சிபா என்னுமிடத்தில், பழைய நீர்நிலை ஒன்றின் அடிமண்ணிலிருந்து எடுக்கப்பட்ட, சுமார் 2,000 ஆண்டுப் பழமையுடையதெனக் கணிக்கப்பட்ட தாமரை விதையொன்றை ஓகா என்னும் பேராசிரியர் முளைப்பித்தார். அடுத்த ஆண்டில் அது பூத்தது. சீனாவில் வற்றிய ஏரியொன்றில் எடுத்த விதைகள் 1,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டன என்றும், அவையும் முளைத்தன என்றும் 1995 இல் அறிவிக்கப்பட்டது. அத்தனை காலமும் அவற்றைக் காத்தது நீர்புகாத தோலே. தாமரை விதையின் ஒரு பக்கத்தை அரத்தினாலோ கரடான சீமெந்துத் தரையிலோ வெள்ளைப் பருப்புத் தோன்றுமளவும் தேய்த்து, நீரிலிட்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றினால் ஒரு கிழமைக்குள் முளைவிடும். பருப்பின் நடுவே பச்சை முளை இருப்பதால் ஆழமாகத் தேய்க்கலாகாது.

கல்வாழை விதையும் அவ்வாறே இரும்புக் குண்டு போன்றது, தேய்த்தாலன்றி ஊறாது. சங்குப்பூ, மயிற்கொன்றை, சரக்கொன்றை ஆகியவற்றுக்கு வெந்நீர் போதுமானதாகும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, விதையைப் போல் பத்து மடங்கு நீரை அதன்மேல் ஊற்றி, ஓரிரவு அப்படியே விடுதல் வேண்டும். விதையை அடுப்பின்மேல் வைத்து அவிக்கலாகாது. மறுநாள் ஊதியவற்றை மட்டும் பொறுக்கி விதைத்து, ஊதாதவற்றை மணற்கடதாசியில் உரசி மீண்டும் ஊறவைக்கலாம். தோல் திறவாத விதையை ஓமோன் கரைசலிற் போடுவது பூட்டிய கதவின் வெளியே சோற்றை வைப்பது போலாகும். பாகல், புடோல் விதைகளின் நுனியை நகவெட்டியாற் சிறிது நறுக்கி விதைக்கும் மரக்கறிச் செய்கையாளர் இதை ஏற்கெனவே அறிவர்.

ஒளியும் இருளும்

பெற்றூனியா, பெகோனியா முதலிய தூள் போன்ற விதைகளுக்கு ஒளி வேண்டும். அவற்றை மண்ணால் மூடாது, ஈர மண்ணின்மேற் தூவி, கண்ணாடியால் அல்லது தெளிந்த பொலித்தீனால் மூடிவைத்தல் தகும். இதற்கு மாறாக நித்தியகல்யாணி விதை இருளிலேயே நன்கு முளைக்கும். அரை அங்குல மண்ணால் மூடி, முளை தோன்றும்வரை ஈரச் சாக்கைப் போர்த்திவைக்கலாம்.

சலாது விதையைக் கொண்டு 1952 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல்ற்சுவில் ஆராய்ச்சி நிலையத்திற் செய்யப்பட்ட சோதனையில், சிவப்பொளி விதையை எழுப்புவதும், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சேய்மைச் சிவப்பொளி அதை மீண்டும் உறக்குவதும் காணப்பட்டன. 1957 இல் அதே வகை விதைக்கு ஜிபரெலின் இட்டபோது ஒளியின்றியே முளைத்தது. இதிலிருந்து கமக்காரர் கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு. இலையினூடு வடிந்து வரும் ஒளியில் சேய்மைச் சிவப்பே மிகுதி. எனவே ஒளி வேண்டும் விதைகளின் நாற்றுத்தட்டை மாமரத்தின் அடர்ந்த நிழலில் வைப்பதிலும், கிடுகுப் பந்தலின் கீழ் வைப்பதே மேலானது. பந்தலுக்குக் கிடுகு போதும், ஓமோன் வேண்டியதில்லை.

ஓமோன் வேண்டும் விதைகள்

குளிர்நாட்டுப் பூக்கள் பலவற்றின் விதைகள் ஒரு பனிக்காலத்தைக் கடந்த பின்னரே முளைக்கும். அக்குளிருக்குப் பதிலாக ஜிபரெலின் இடுவது பூந்தோட்டக்காரரின் வழக்கம். பிறிமுலா, ஜென்ரியன் முதலியவை இவ்வகையின. ஆனால் மருந்தால் முளைத்தாலும் அச்செடிகள் முல்லைத்தீவின் வெப்பத்தில் வாழா. படத்தைப் பார்த்து அவ்விதைகளை வாங்குவது பணத்தை மண்ணிற் புதைப்பதாகும்.

தண்ணீரூற்றுக்கு ஏற்றவற்றுட் புதிதாக அறுத்த சூரியகாந்தி விதை சில கிழமை முதல் ஓரிரு மாதம்வரை உறங்கும். அதை எழுப்புவது எதிலீன் என்னும் வாயு வடிவான ஓமோன். வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூட்டும்போது பழுக்கச் செய்வதும் அதே வாயுதான். கச்சானிற் சில இனங்களின் புதுப் பருப்பும் எதிலீனுக்கு விழிக்கும். எனினும் வீட்டுத் தோட்டத்துக்குச் சூரியகாந்தி விதையை உலர்த்தி இரண்டு மாதம் வைத்திருத்தலே இலகுவான வழி.

மரக்கறிச் செய்கையாளருக்கு ஜிபரெலின் நேரடியாகப் பயன்படும் இடங்கள் இரண்டு. முதலாவது சுண்டை. வாடல் நோயைத் தாங்குவதாற் கத்தரியை ஒட்டுவதற்கு இது அடிக்கட்டையாகின்றது. இதன் விதை ஒழுங்கின்றி, நாட்பட முளைப்பதால் ஒட்டுவதற்கு ஒரே பருமனான நாற்றுகள் கிடைப்பதில்லை. இரண்டாவது பப்பாசி. அதன் விதையைச் சூழ்ந்த வழுவழுப்பான உறையில் முளைத்தலைத் தடுக்கும் பொருள் உண்டு. சாம்பலோடு சேர்த்துக் கசக்கி உறையை முற்றாகக் கழுவிய பின்னரே மருந்தில் ஊறவைத்தல் பயன்றரும். கழுவாத விதையில் மருந்தின் பயன் பெரிதும் குன்றும்.

கார்த்திகைப் பூவைப் பற்றியும் ஒரு சொல். பற்றைக் காடுகளிற் தானாகப் படரும் இக்கொடியின் விதை பல மாதம் உறங்கும். முளைத்த செடியும் பூக்க ஆண்டுகள் செல்லும். தமிழ்நாட்டில் இதைக் கண்வலிக் கிழங்கு என்னும் பெயரில் மருந்துச் சரக்காகிய விதைக்காகப் பெருமளவிற் பயிரிடுவோர், விதையை விடுத்துக் கிழங்கையே நடுகின்றனர். அலங்காரத்துக்கு வளர்ப்போரும் அவ்வாறு செய்தலே நன்று. இதன் கிழங்கும் விதையும் உயிரைக் கொல்லும் நஞ்சுடையன. குழந்தைகளும் ஆடுமாடும் நடமாடும் வளவில் நடுதல் ஆகாது.

விதை நெல்லுக்கு இம்மருந்து வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குட்டை இன நெல்லை உலர்ந்த மண்ணில் இயந்திரத்தால் ஆழ விதைப்பதால், முளை மேலே எட்டுவதற்காக விதைக்கு ஜிபரெலின் பூசுவதுண்டு. முளைகட்டிச் சேற்றில் வீசும் நெல்லுக்கு அத்தேவை இல்லை. நீண்டு மெலிந்த நாற்றே மிஞ்சும். புது நெல்லின் உறக்கத்தை நீக்கவேண்டிய அவசரம் நேருமாயின் அதற்கு உலர் வெப்ப முறையும் நைத்திரிக் அமில முறையும் உண்டு. அமிலம் ஆபத்தானது ஆதலின் விவசாயப் போதனாசிரியரைக் கேளாமற் கையாளலாகாது.

கரைசல் தயாரிக்கும் முறை

ஜிபரெலிக் அமிலத் தூள் நீரில் எளிதிற் கரையாது, மதுசாரத்தில் கரையும். மில்லிகிராம் நிறுக்கும் தராசு கமக்காரரிடம் இராது. ஆகவே 1 கிராம் தூளை 20 மில்லிலீற்றர் மருத்துவ மதுசாரத்தில் முற்றாகக் கரைத்துக்கொண்டால், ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் இருக்கும். ஊசி மருந்துக் குழாயால் அதில் 2 மில்லிலீற்றர் எடுத்து 1 லீற்றர் நீரிற் கலக்க, பத்து இலட்சத்தில் 100 பங்கு என்னும் செறிவு கிடைக்கும். 4 மில்லிலீற்றர் எடுத்தால் 200 பங்கு. பெரும்பாலான விதைகளுக்கு இவ்விரண்டுக்கு இடைப்பட்டது போதும். பப்பாசிக்கு 200 பங்கு உகந்தது. சுண்டை விதைக்கு இதனினும் கூடிய செறிவு வேண்டப்படுவதுண்டு. ஆயினும் 200 பங்கிற் தொடங்கி, சோதித்து, படிப்படியாகக் கூட்டுதலே முறை.

கடையில் வாங்கும் திரவக் குப்பியின் சுட்டியை வாசித்தல் இன்றியமையாதது. 0.001 சதவீதம் எனக் குறித்த குப்பியில் இருப்பது பத்து இலட்சத்தில் 10 பங்கு மாத்திரமே; அதை மேலும் நீரிற் கலந்தால் விதைக்கு எட்டுவது யாதுமில்லை. இலைக்குத் தெளிக்கும் சத்துக்களோடு கலந்த மருந்துகள் விதை ஊறவைப்பதற்கு ஏற்றவையல்ல.

ஜிபரெலிக் அமிலம் வெப்பத்திலும் சுண்ணத்தன்மையுடைய நீரிலும் கெடும். கிணற்று நீர் கேத்திலில் வெண்படை படியச் செய்வதாயின் மழைநீரை எடுத்தல் நன்று. கரைசலைக் கலந்த அன்றே பயன்படுத்தி, எஞ்சியதை வைத்திராது விடுதல் வேண்டும். மதுசாரக் கரைசலை இருண்ட குப்பியில் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். பெயரெழுதி ஒட்டாமலும், உண்பொருளோடு சேர்த்தும் வைக்கலாகாது.

நூறு விதைக்கு 20 மில்லிலீற்றர் கரைசல் தாராளம். விதை மூழ்குமளவு ஊற்றி, நிழலில் 12 முதல் 24 மணித்தியாலம் வைத்து, வடித்து, நல்ல நீரில் ஒருமுறை அலசி, அன்றே விதைத்தல் வேண்டும். எல்லா விதையையும் ஒரே தடவையில் மருந்திலிடாமல், மூன்றிலொரு பங்கை வெறும் நீரில் அதே நேரம் ஊறவைத்துப் பக்கத்திலே விதைத்துப் பார்க்க. பதினான்காம் நாள் இரு பாத்தியையும் எண்ணும்போது, 20 இல் 8 வெறும் நீரிலும், 20 இல் 15 மருந்திலும் முளைத்திருந்தால் மருந்து பயன்பட்டது. இரண்டிலும் 15 ஆயின் அடுத்த முறை மருந்தை விட்டுவிடலாம். மருந்துப் பாத்தியின் நாற்றுகள் ஒரு கையளவு உயர்ந்து வெளிறிச் சாய்ந்தால் செறிவைப் பாதியாக்கல் வேண்டும்.

நாற்றுமேடை

முளைத்த விதையைக் காக்காவிடின் மருந்தும் வீண், உழைப்பும் வீண். ஆற்று மணலும் நன்கு மக்கிய கூட்டெருவும் சமமாகக் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மண்ணே பூநாற்றுக்கு ஏற்றது. விதையின் பருமனைப் போல் இருமடங்கு ஆழத்துக்கு மேல் மூடலாகாது. நாற்றழுகல் நோய் கண்டால் நீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்து, காலையில் மட்டும் நீர் விடுதல் வேண்டும். விதையை எறும்பு சுமந்துசெல்வது வன்னியில் மிகுதி. தட்டின் கால்களை நீர் நிரம்பிய சிரட்டைகளில் நிறுத்துவது பழைய உபாயமாயினும் இதற்கு இணையானது வேறில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பூ வேண்டுவோர் சீனியாவையும் செவ்வந்தியையும் பங்குனி முற்பகுதிக்குள் விதைத்தல் வேண்டும். இரண்டும் விதைத்து ஏறத்தாழ அறுபது எழுபது நாளிற் பூப்பன. கோழிக்கொண்டையை அதற்கு இரண்டு கிழமை முந்தி விதைக்கலாம். அக்காலம் கோடையாதலால் கிணற்று நீர் எட்டும் பாத்தியையே தெரிந்துகொள்ளவேண்டும். வயல் வரம்பிற் பூச்செடி வைப்போர் காலபோக மழையோடு விதைப்பது உசிதம்.

மல்லிகை, செவ்வரத்தை, அலரி ஆகியவை விதையால் அன்றித் தண்டுத் துண்டங்களாலும் பதியத்தாலும் பெருக்கப்படுவன. அவற்றுக்கு ஜிபரெலின் இடுதல் தவறாகும். அது வேர்விடுதலைத் தடுக்கும் இயல்புடையது. அங்கே வேண்டப்படுவது ஒட்சின் என்னும் வேறு வகை ஓமோன். வேர்த் தூள் எனக் கடைகளிற் கிடைப்பது அதுவே. துண்டத்தின் அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, ஈரமாக்கி, தூளில் மெல்லெனத் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு, மணலில் ஊன்றி நிழலில் வைத்தல் வேண்டும். இரு குப்பிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்குமாதலால் வாங்கும்போதே பெயரைக் கேட்டு வாங்கவேண்டும். ஐயமுள்ளோர் சுட்டியுடன் குப்பியை அருகிலுள்ள கமநல சேவை நிலையத்துக்கு எடுத்துச்சென்று காட்டலாம்.